"குகேசுக்கு ஒரு நாள் லீவு கொடுத்திருந்தால்...?" செங்கல்பட்டு ரெயிலில் காரசார 'கோச்' சண்டை!

செங்கல்பட்டு மின்சார ரெயிலில் சீட்டுக் கச்சேரி நடக்கும். பஜனை நடக்கும். வேர்க்கடலை வியாபாரம் நடக்கும். இப்போது கூடவே "கோச்" சண்டையும் நடக்கிறது.

கோச் என்றால் ரெயில் பெட்டி அல்ல. விளையாட்டு அணியின் பயிற்சியாளர்!

கடற்கரையில் இருந்து வந்த மாலை வண்டி தாம்பரத்தை விட்டுக் கிளம்பியது. நிற்க இடம் இல்லாத கூட்டம். ஜன்னல் ஓரத்து இருக்கைகளில் எதிரும் புதிருமாக நாலு பேர். சென்னையில் குமாஸ்தா வேலை பார்க்கும் சீசன் டிக்கெட் ஆசாமி ஒருவர். மறைமலைநகர் ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர். காதில் ஒயரை மாட்டிய கல்லூரி மாணவன் ஒருவன். நாலாவது ஆள் மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி கூட்டுரோட்டில் டீக்கடை வைத்திருக்கும் பெரியவர். பாரிமுனையில் சாமான் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்.

ஆரம்பித்தது கிரிக்கெட்டில்தான்.

"சென்னை டீமுக்கு கோச்சை மாத்தணும் சார்! பிளெமிங் 2009-ல இருந்து உட்கார்ந்திருக்கார். 2025-ல பத்து டீம்ல பத்தாவது இடம். இன்னும் என்ன வேணும்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"அஞ்சு கப்பு வாங்கினாரே, அப்ப எங்கே போனீங்க அண்ணே?" என்று மாணவன் மடக்கினான்.

அப்போதுதான் குமாஸ்தா குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கிரிக்கெட்டை விடுங்கய்யா. நம்ம ஜில்லாவுல, நம்ம வாசல்ல தங்கம் கைக்கு வந்து நழுவிப் போச்சே. 2022 செஸ் ஒலிம்பியாட்! அதுக்கு யாரு பொறுப்பு? ஆடின பையனா, ஆட விட்ட கோச்சா?"

அவ்வளவுதான். பெட்டி இரண்டு பட்டது!

பூஞ்சேரியில் நடந்தது என்ன?

ரஷ்யாவில் நடப்பதாக இருந்த 44-வது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போரால் இடம் மாறி மாமல்லபுரத்துக்கு வந்த கதை ஊருக்கே தெரியும். நாலே மாதத்தில் ஏற்பாடு. வேட்டி சட்டை கட்டிய "தம்பி" குதிரை. கட்டம் போட்ட நேப்பியர் பாலம். 180-க்கு மேற்பட்ட நாடுகள். பூஞ்சேரி ஓட்டல் அரங்கில் 2022 ஜூலை 29-ந் தேதி முதல் சுற்று தொடங்கி, ஆகஸ்டு 9-ந் தேதி 11-வது சுற்றோடு முடிந்தது.

போட்டியை நடத்தும் நாடு என்பதால் ஓபன் பிரிவில் இந்தியாவுக்கு மூன்று அணிகள். முதல் அணிக்கு (ஏ) பயிற்சியாளர் ஸ்ரீநாத் நாராயணன். இரண்டாவது அணிக்கு (பி) ஆர்.பி.ரமேஷ். மூன்றாவது அணிக்கு (சி) தேஜஸ் பாக்ரே. பெண்கள் ஏ அணிக்கு அபிஜித் குண்டே. இவர்கள் எல்லோருக்கும் மேலே வழிகாட்டியாக விஸ்வநாதன் ஆனந்த்.

ரமேஷிடம் ஒப்படைக்கப்பட்டது பொடியன்கள் பட்டாளம். குகேஷ், பிரக்ஞானந்தா, ரவுனக் சத்வானி மூன்று பேருக்கும் அப்போது வயது 16. நிஹால் சரினுக்கு 18. கூட்டத்தில் "பெரியவர்" என்றால் அதிபன் ஒருவர்தான். அவருக்கே இன்னும் 30 ஆகவில்லை! தர வரிசையில் 11-வது இடம். இவர்கள் பதக்கம் வாங்குவார்கள் என்று சொன்னவனை எங்கள் ஊர் டீக்கடையில் கேலி செய்திருப்பார்கள்.

பையன்கள் ஆடினார்கள் பாருங்கள், ஒரு ஆட்டம்!

முதல் மூன்று சுற்றுகளும் 4-0, 4-0, 4-0. அடுத்து இத்தாலி, ஸ்பெயின் இரண்டும் காலி. ஆறாவது சுற்றில் ஆர்மீனியாவிடம் மட்டும் ஒரு சறுக்கல். அன்றைக்கும் குகேஷ் ஜெயித்தார். எட்டாவது சுற்றில் எதிரே வந்து உட்கார்ந்தது, போட்டியின் முதல் இடத்துக்கு எழுதி வைக்கப்பட்ட அமெரிக்கா. 3-1 என்று மண்ணைக் கவ்வ வைத்தார்கள். கருவானாவை குகேஷ் வீழ்த்தினார். டொமிங்கசை ரவுனக் வீழ்த்தினார்.

எட்டு ஆட்டம் ஆடி எட்டையும் ஜெயித்திருந்தார் குகேஷ். ஒலிம்பியாட்டில் முதல் பலகையில் உட்கார்ந்து அப்படி ஆடுவது சாமானியம் இல்லை.

அப்புறம் வந்தது அந்த திங்கட்கிழமை. ஆகஸ்டு 8-ந் தேதி. பத்தாவது சுற்று. எதிரி உஸ்பெகிஸ்தான்.

பிரக்ஞானந்தா சிந்தாரோவை ஜெயித்தார். மீதி இரண்டு பலகைகளிலும் சேர்த்து ஆளுக்கு ஒரு புள்ளி. குகேஷ் தோற்காமல் இருந்தால் போதும், வெற்றி நமக்கு. குகேசும் நல்ல நிலையில்தான் இருந்தார். எதிரே 17 வயது அப்துசத்தோரோவ். மணிக்கணக்கில் இழுத்தது ஆட்டம். டிராவுக்கு மனமில்லாமல் ஜெயிக்கத்தான் பார்த்தார் குகேஷ். கடிகாரம் ஓடியது. கடைசியில் ஒரே ஒரு தப்பான நகர்த்தல். அவ்வளவுதான், தலையைக் கையில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான் பையன். அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் இன்னும் மறக்கவில்லை.

2-2 டிரா. மறுநாள் உஸ்பெகிஸ்தானுக்குத் தங்கம். ஆர்மீனியாவுக்கு வெள்ளி. ஜெர்மனியை 3-1 என்று ஜெயித்தும் நமக்கு வெண்கலம்!

"பத்து நாளும் ஒரே மாட்டையா பூட்டுறது?"

வண்டி வண்டலூரைத் தாண்டியது. குமாஸ்தா விரலை மடக்கிக் கணக்குச் சொன்னார்.

"ஒரு டீமுக்கு அஞ்சு பேர். தினம் நாலு பேர்தான் ஆடணும். யாரை உட்கார வைக்கிறதுன்னு காலையில சீட்டு எழுதிக் கொடுக்கிறது கோச்சு வேலை. நிஹாலுக்கு ஒரு நாள் ஓய்வு கொடுத்தார். பிரக்ஞானந்தாவுக்கு ரெண்டு நாள் கொடுத்தார். குகேசுக்கு? பதினோரு நாளும் வேலை! பத்து நாளும் ஒரே மாட்டைப் பூட்டினா எந்த மாடு சார் தாங்கும்? பதினாறு வயசுப் பிள்ளை!"

கடைக்காரர் எகிறினார். "எட்டுக்கு எட்டு ஜெயிக்கிறவனை உட்கார வைக்கச் சொல்றீங்களா? உட்கார வெச்சு அன்னைக்குத் தோத்திருந்தா, நீங்களே என்ன பேசியிருப்பீங்க? 'ஜெயிக்கிற குதிரையைக் கட்டிப்போட்டுட்டான் கோச்சு'ன்னு இதே வண்டியில சத்தம் போட்டிருப்பீங்க!"

இதற்குக் குமாஸ்தாவிடம் பதில் இல்லை. கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்தார்.

இந்த இடத்தில் நம் கணக்கு ஒன்றையும் சொல்லி விடுகிறோம். அமெரிக்காவுடன் மோதும்போது ஓய்வு கொடுக்கச் சொல்வது அறியாத்தனம். ஆனால் முதல் மூன்று சுற்றும் 4-0 ஆயிற்றே! அந்த மூன்றில் ஒன்றில் பையனை ஓட்டல் அறையில் தூங்கச் சொல்லியிருக்கலாம். புள்ளி சமமானால் ஆட்டப் புள்ளியும் கணக்கில் வரும் என்பதும், சூடு பிடித்த கையை ஆற விடக்கூடாது என்பதும் உண்மைதான். இருந்தாலும் அந்த ஒரு நாள் ஓய்வு பத்தாவது சுற்றில் அஞ்சு நிமிட தெளிவைக் கொடுத்திருக்குமோ என்னமோ!

மாணவன் காதில் இருந்து ஒயரைக் கழற்றினான்.

"கோச்சுக்கு இன்னொரு அதிகாரமும் இருக்கு சார். காய் நகர்த்தறதைப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாது. ஆனா 'டிரா கேளு', 'டிராவை ஒத்துக்கோ'ன்னு யோசனை சொல்ல ரூல்ல இடம் உண்டு. பிரக்ஞானந்தா ஜெயிச்ச ஆட்டத்துக்கு, குகேஷ் டிரா பண்ணினாலே போதும். அதைச் சொல்ல வேண்டியது யாரு?"

"நல்லா ஆடிக்கிட்டு இருக்கிறவன்கிட்ட போயி 'போதும், எழுந்திரு'ன்னு சொல்ல எந்த வாத்தியாருக்கு மனசு வரும் தம்பி?" என்றார் கடைக்காரர்.

குகேஷ் டிரா செய்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? போட்டி முடிவில் உஸ்பெகிஸ்தானும் ஆர்மீனியாவும் தலா 19 புள்ளி. இந்தியா பி 18. அந்த ஒரு ஆட்டம் டிரா ஆகியிருந்தால் நமக்கு ஒரு புள்ளி கூடும், அவர்களுக்கு ஒரு புள்ளி குறையும். கடைசிச் சுற்று ஜோடிகளே மாறியிருக்கும் என்பதால் "தங்கம் நிச்சயம்" என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் கூட்டல் கழித்தல் தெரிந்த குமாஸ்தாவுக்கு இன்றைக்கும் வயிறு எரிவது அதனால்தான்.

யார் இந்த ரமேஷ்?

"கோச்சு, கோச்சுன்னு திட்டறீங்களே, அந்த மனுஷன் யாருன்னு தெரியுமா?" என்று கேட்டுவிட்டு கடைக்காரரே பதிலும் சொன்னார். அவர் மகன் செஸ் வகுப்புக்குப் போகிறானாம்.

ரமேஷ் சென்னைக்காரர். 2002-ல் பிரிட்டிஷ் சாம்பியன். 2003-ல் கிராண்ட்மாஸ்டர். 2007-ல் காமன்வெல்த் சாம்பியன். சொந்தமாக ஆடி இன்னும் மேலே போயிருக்க வேண்டியவர், பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்துவிட்டார். மனைவி ஆர்த்தி ராமசாமியும் பெண்கள் கிராண்ட்மாஸ்டர். இருவரும் சேர்ந்து 2008-ல் தொடங்கிய "செஸ் குருகுல்" பள்ளியில் படித்து வந்தவர்கள்தான் பிரக்ஞானந்தாவும் அவருடைய அக்கா வைஷாலியும். 2014-ல் நார்வே நாட்டு டிராம்சோ ஒலிம்பியாட்டில் இந்தியா வெண்கலம் வாங்கியபோதும் கூட இருந்த பயிற்சியாளர் இவரே. 2023-ம் ஆண்டுக்கான துரோணாச்சாரியா விருதும் கிடைத்தது.

"11-வது இடத்து டீமை மூணாவது இடத்துக்குக் கொண்டு வந்தார். ஏ டீம் ரெண்டாவது இடத்துல இருந்து நாலாவதுக்குப் போச்சு. இதுல யாரைத் திட்டணும்?" கடைக்காரர் குரல் உயர்ந்தது.

அமெரிக்காவுக்கு எதிராக அதிபனை உட்கார வைத்து ரவுனக்கை இறக்கிய யோசனையும் ரமேசுடையதுதானே என்றார். ரவுனக் ஜெயித்துக் கொடுத்தார். ஜெயித்த நாள் சீட்டு எழுதியவனை யாரும் கேட்பதில்லை, தோற்ற நாள் மட்டும் தேடுகிறார்கள் என்பது கடைக்காரரின் வருத்தம்.

வெளிநாட்டு கோச் வேண்டுமா?

கூடுவாஞ்சேரியில் ஏறிய ஒருவர் நின்றபடியே சண்டையில் கலந்துகொண்டார்.

"உஸ்பெகிஸ்தான் எப்படி ஜெயிச்சான்? வெளிநாட்டுல இருந்து கோச் கொண்டு வந்தான் சார்!"

உண்மைதான். 14-வது இடத்தில் இருந்து தங்கத்துக்குத் தாவிய அந்த அணியின் பயிற்சியாளர் இவான் சோகோலோவ். போஸ்னியாவில் பிறந்தவர். நெதர்லாந்துக்காக ஆடியவர். வேடிக்கை என்ன தெரியுமா? கடைசிச் சுற்றில் உஸ்பெகிஸ்தான் ஜெயித்து தங்கத்தைத் தட்டியது அதே நெதர்லாந்தை!

"நமக்கும் அப்படி ஒருத்தர் வேணும். உள்ளூர் ஆளுன்னா 'என் சிஷ்யன், உன் சிஷ்யன்'னு பேச்சு வரும். வெளியாளுக்கு எல்லாரும் ஒண்ணு" என்றார் வந்தவர்.

"ஆனந்த் இருக்கும்போது வெளியாள் எதுக்கு? அஞ்சு தடவை உலக சாம்பியன்! அவரையே கோச்சா உட்கார வைக்க வேண்டியதுதானே?" என்றார் குமாஸ்தா.

இதையும் சுலபமாகச் சொல்லி விடலாம். ஆனால் அந்த வாரத்திலேதான், ஆகஸ்டு 7-ந் தேதி, சர்வதேச செஸ் சம்மேளனத்தின் துணைத் தலைவராகவும் ஆனந்த் தேர்வானார். உலக சங்கத்துப் பொறுப்பையும் பார்த்துக்கொண்டு, தினமும் காலையில் அஞ்சு பேரில் எவனை உட்கார வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டும் இருக்க ஒரு மனிதரால் முடியுமா?

இதுவரை வாய் திறக்காத டீக்கடைப் பெரியவர் கனைத்தார்.

"நான் ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்தப் பன்னெண்டு நாளும் என் கடை வாசல்லதான் பஸ் போச்சு, வந்துச்சு. நான் உள்ளே போய் ஒரு ஆட்டம் பார்க்கலை. ஆனா சாயந்திரம் டீ குடிக்க வர்றவன் எல்லாம் செஸ்தான் பேசினான். எனக்குப் புரிஞ்சது இதுதான். வருஷம் பூரா பாடம் நடத்துற வாத்தியார் வேற. பரீட்சை அன்னைக்கு ஹால்ல நிக்கிறவர் வேற. நீங்க ரெண்டு பேரையும் ஒண்ணாக்கிக் குழப்பறீங்க."

பெட்டி ஒரு கணம் அமைதியானது. பெரியவர் சொன்னது சரி! பிரக்ஞானந்தாவுக்கு ரமேஷ் பாடம் நடத்திய வாத்தியார். குகேசுக்கு அப்போது பாடம் நடத்தியவர் விஷ்ணு பிரசன்னா. மாமல்லபுரத்தில் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சீட்டு எழுதிக் கொடுத்தவர் ரமேஷ்.

புடாபெஸ்ட் கிளப்பிய புதுக் குழப்பம்

சிங்கப்பெருமாள்கோவில் வந்தது. சண்டை முடிகிற வழியாகத் தெரியவில்லை. காரணம் 2024.

ஹங்கேரி நாட்டுத் தலைநகர் புடாபெஸ்ட் ஒலிம்பியாட்டில் இந்தியா முதல் முறையாகத் தங்கம் வாங்கியது. அதுவும் ஓபன், பெண்கள் இரண்டு பிரிவிலும்! ஓபன் அணி 22-க்கு 21 புள்ளி. பயிற்சியாளர் யார்? மாமல்லபுரத்தில் நாலாவது இடம் பிடித்த ஏ அணியின் அதே ஸ்ரீநாத்! முப்பது வயது இளைஞர்.

பெண்கள் அணிக்கு? அதே அபிஜித் குண்டே! மாமல்லபுரத்தில் பெண்கள் ஏ அணி கடைசிச் சுற்று வரை முன்னணியில் இருந்து, அமெரிக்காவிடம் 1-3 என்று தோற்று வெண்கலத்தோடு நின்றது. நிறைமாத கர்ப்பிணியாக ஹரிகா வந்து ஆடினாரே, அந்த அணிதான். கிரிக்கெட்டாக இருந்தால் அன்று இரவே கோச்சை மாற்றச் சொல்லி கோஷம் கிளம்பியிருக்கும். குண்டே இருந்தார். இரண்டு வருடம் கழித்து தங்கத்தோடு வந்தார்.

"பார்த்தீங்களா! கோச்சை மாத்தாம விட்டதால வந்த தங்கம்" என்றார் கடைக்காரர்.

"அதெல்லாம் இல்லை. குகேசுக்கு ஓய்வு கொடுத்ததால வந்த தங்கம்!" என்று துள்ளினார் குமாஸ்தா.

புடாபெஸ்டில் மொராக்கோவுடன் நடந்த முதல் சுற்றிலேயே குகேசை உட்கார வைத்தார் ஸ்ரீநாத். பிறகு பத்து ஆட்டம் ஆடிய குகேஷ் எடுத்தது 9 புள்ளி. ஒன்றில்கூடத் தோல்வி இல்லை. குமாஸ்தாவுக்கு முகமெல்லாம் வெற்றிச் சிரிப்பு.

மாணவன் விட்டானா? "சார், அதே டீம்ல அர்ஜுன் எரிகைசி பதினோரு சுற்றும் ஆடினார். ஒரு நாள் லீவு கிடையாது. பதினொண்ணுக்குப் பத்து புள்ளி! அதுக்கு என்ன சொல்றீங்க?"

குமாஸ்தாவின் சிரிப்பு அப்படியே நின்றது.

இன்னொரு கூத்தும் உண்டு. புடாபெஸ்டில் 11 சுற்றில் இந்தியா ஜெயிக்காமல் விட்டது ஒரே ஒரு சுற்று. ஒன்பதாவது சுற்று. 2-2 டிரா. எதிரி யார் என்று நினைக்கிறீர்கள்? அதே உஸ்பெகிஸ்தான்! முதல் பலகையில் மறுபடியும் குகேசும் அப்துசத்தோரோவும். இந்த முறை பையன் அவசரப்படவில்லை. டிரா. அடுத்த இரண்டரை மாதத்தில், 2024 டிசம்பர் 12-ந் தேதி, சிங்கப்பூரில் டிங் லிரனை வீழ்த்தி 18 வயதில் உலக சாம்பியன் ஆனார்.

"அந்தப் பூஞ்சேரி அடிதான் சார் அவனை சாம்பியன் ஆக்குச்சு. பத்தாவது சுற்றில ரமேஷ் உட்கார வெச்சிருந்தா அந்த அடி கிடைச்சிருக்குமா?" என்று கடைக்காரர் புதுசாக ஒரு போடு போட்டார்.

"நல்லாயிருக்கே உங்க நியாயம்! தோத்ததுக்கும் கோச்சுக்கு மாலையா?" என்று சீறினார் குமாஸ்தா.

"விதைச்சவர் ரமேஷ், அறுத்தவர் ஸ்ரீநாத். தங்கம் வாங்கின டீம்ல பிரக்ஞானந்தா யாரோட சிஷ்யன்? பெண்கள் டீம்ல வைஷாலி யாரோட சிஷ்யை?"

"அப்படிப் பார்த்தா அர்ஜுனுக்கும் நிஹாலுக்கும் சொல்லிக் கொடுத்தவர் ஸ்ரீநாத்துதான் அண்ணே. அந்தக் கணக்கையும் எழுதுங்க" என்றான் மாணவன்.

பரனூர் போனது. வலது பக்கமா இடது பக்கமா என்று யாரும் பார்க்கவில்லை, கொளவாய் ஏரிக்காற்று மட்டும் பெட்டிக்குள் வந்தது. வண்டி வேகம் குறைந்தது. மறைமலைநகரில் இறங்க வேண்டிய கடைக்காரர் அப்போதுதான் பதறிப்போய் எழுந்தார். மூன்று ஸ்டேஷன் தாண்டி வந்துவிட்டார்!

"உங்களாலே வந்த வினை!" என்று குமாஸ்தாவைத் திட்டிக்கொண்டே எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடினார்.

டீக்கடைப் பெரியவர் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார். திருக்கழுக்குன்றம் வழி மாமல்லபுரம் பஸ்சைப் பிடிக்க வேண்டும். குமாஸ்தா விடாமல் பின்னாலேயே போனார்.

"பெரியவரே, நீங்க சொல்லுங்க. உங்க கடையிலே என்ன பேசிக்கிட்டாங்க? உட்கார வெச்சிருக்கணுமா, கூடாதா?"

பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

"பாதிப் பேரு வைக்கணும்னான். பாதிப் பேரு கூடாதுன்னான். அந்த ரெண்டு நாள்ல நான் போட்ட டீ மாதிரி என் வாழ்க்கையிலே போட்டதில்லை!"